நல்ல சேவல் சட்டிக்கு, நோஞ்சான் வித்துக்கா?

விருந்துக்கு ஆள் வந்தால் எந்தச் சேவலைப் பிடிப்பீர்கள் என்று கோழி வளர்க்கும் எந்த வீட்டிலாவது கேட்டுப் பாருங்கள். "இருக்கிறதுக்குள்ளை பெரிசைத்தான்" என்று உடனே பதில் வரும். நத்தாருக்கும் பெரியதுதான். நேர்த்திக்கடனுக்கும் பெரியதுதான். பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் கொப்பியும் சப்பாத்தும் வாங்குவதற்காகச் சந்தைக்குப் போவதும் பெரியதுதான், நிறைக்குத்தானே விலை. இப்படி ஒவ்வொன்றாகப் போன பின்னர் வளவில் எஞ்சி நிற்பது எது? எவரும் பிடிக்க நினைக்காத ஒன்று. நெஞ்செலும்பு துருத்தி, கால் சற்று வளைந்து, மற்றச் சேவல்கள் இருந்தவரை குப்பைமேட்டுக்குக் கிட்டவும் வராமல் ஒதுங்கி நின்ற ஒன்று. அடுத்த வருடம் முழுவதும் எங்கள் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் தகப்பன் அதுதான்.

பயிரில் நாம் இப்படிச் செய்வதில்லை. நெல் விதைப்பவர் களை கலவாத, நன்றாக முற்றிய கதிரையே விதைநெல்லுக்கு ஒதுக்குகிறார். வீட்டில் அரிசி முடிந்தாலும் அந்த மூட்டையில் கைவைக்க மனம் வராது. புகையிலைத் தோட்டக்காரர் திறமான கன்றொன்றை நுனி கிள்ளாமல் விதைக்கு விடுவார். வெங்காயத்திலும் அப்படித்தான். கோழி விடயத்தில் மட்டும் ஏன் இந்தத் தலைகீழ் வழக்கம்? என் அபிப்பிராயம் இதுதான்: கோழியை நாம் ஒரு பயிராக எண்ணவில்லை. அது பெண்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிற, தானாய் மேய்ந்து தானாய் வளர்கிற ஒரு சில்லறைக் காசு என்றே வீட்டுத் தலைவர்கள் நினைக்கிறார்கள். காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு அந்தச் சில்லறைக் காசு என்னவாக இருந்தது என்பது அவர்களைவிட அவர்களுடைய மனைவியருக்கே நன்றாகத் தெரியும்.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஒரு வீட்டில் 5 பேடுகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்கோழி ஒரு முறைக்கு 10 முதல் 15 முட்டை இட்டு அடைகிடக்கும். வருடத்தில் 3 தடவை குஞ்சோடு இறங்குகிறது என்றும், காகம், பருந்து, கீரி, மாரிமழை எல்லாம் போக ஒவ்வொரு தடவையும் 4 குஞ்சுகள் தேறுகின்றன என்றும் கொண்டால், ஒரு பேட்டின் பிள்ளைகள் வருடத்துக்கு 12. ஐந்துக்கும் சேர்த்து 60. ஒரு பேட்டில் குறை இருந்தால் அது 12 குஞ்சுகளுக்குள் நின்றுவிடும். சேவலில் குறை இருந்தால் அறுபதிலும் இறங்கும். சேவலைத் தெரிவது ஐந்து பேடுகளைத் தெரிவதற்குச் சமமான வேலை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னர் எங்கள் கூட்டிலேயே பார்த்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு எல்லோரும் புறப்பட்டபோது அம்மா மூன்று பேடுகளைப் பனையோலைக் கடகத்துக்குள் வைத்து, மேலே வலைத்துண்டு கட்டி எடுத்துக்கொண்டார். சேவல் கூரையில் ஏறி நின்றது. பிடிக்க நேரமில்லை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அந்த மழைக்குள்ளும் சனத்துக்குள்ளும் நின்றவர்களுக்கு அந்த இரவைப்பற்றிச் சொல்லத் தேவையில்லை. விடியும்போது ஒரு பேடு கடகத்துக்குள்ளேயே செத்திருந்தது. மற்ற இரண்டும் தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் பின்பக்கத்தில் ஆறு மாதம் இருந்து, 1996 இல் எங்களோடு கிளாலி கடந்து வன்னிக்கு வந்தன.

வன்னியில் பக்கத்துக் கொட்டிலாரின் சேவல் வந்து சேர்ந்தது. முதல் தடவை நல்ல பொரிப்பு. அதில் வளர்ந்த சேவல்களில் திறமான இரண்டை அம்மா விற்றார். வீட்டில் காய்ச்சல், விற்காமல் என்ன செய்வது? மூன்றாவது சேவல் எங்களுடையதாக நின்றது. பக்கத்துக் கொட்டிலார் வேறிடம் போய்விட்டார்கள். அடுத்த வருடம் அந்தச் சேவலின் மகன். அதற்கடுத்த வருடம் மகனின் மகன். நான்கு வருடங்களாக வெளியிலிருந்து ஓர் இறகுகூட எங்கள் கூட்டுக்குள் வரவில்லை. 11 முட்டை வைத்தால் 4 அல்லது 5 பொரிக்கும். சில குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே சொண்டால் கொத்திவிட்டுச் செத்துப்போகும். சிலதுக்குக் கால்விரல் கோணல். அம்மா கண்ணூறு என்றார். நான் தீன் போதாது என்றேன். பால் கொண்டுவரும் அந்த ஊர் ஆச்சி ஒருவர் ஒருநாள் கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "பிள்ளை, அண்ணனையும் தங்கச்சியையும் கட்டிவைச்சால் என்ன வரும்? உதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு வேறை சேவலைக் கொண்டுவா." இரண்டு இளம் பேடுகளைக் கொடுத்து மூன்று மைல் தள்ளி ஒரு வீட்டிலிருந்து ஒரு சேவல் வாங்கினோம். அடுத்த அடையில் 11 முட்டைக்கு 9 குஞ்சு.

ஆச்சி சொன்னதற்கு விஞ்ஞான விளக்கம் எளிது. ஒவ்வொரு உயிரிலும் சில குறைகள் மறைந்து கிடக்கும். தாய் ஒரு பக்கத்தால் நல்லதையும் தகப்பன் மறுபக்கத்தால் நல்லதையும் கொடுக்கும்வரை அவை தலைகாட்டமாட்டா. ஒரே வயிற்று அண்ணனும் தங்கையும் சேரும்போது, அல்லது தகப்பனும் மகளும் சேரும்போது, பிறக்கும் குஞ்சின் பரம்பரைக் கூறுகளில் சராசரியாக 25 வீதமானவற்றில் இரு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்து சேர்ந்துவிடும். மறைந்திருந்த குறைகள் அங்கே வெளியே வரும். முதலில் தெரிவது பொரிப்புக் குறைவுதான். ஊரில் இருந்தபோது இந்தப் பிரச்சினை எங்களுக்கு இருக்கவில்லை. வேலி தாண்டி வரும் பத்து வீட்டுச் சேவல்கள் அதைப் பார்த்துக்கொண்டன. இடம்பெயர்ந்தவர்களின் கோழிகளோ இரண்டு மூன்று பேடுகளிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே சேவலைத் தெரியும்போது நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி "எவ்வளவு நிறை?" என்பதல்ல, "யாருடைய பிள்ளை?" என்பதே. எங்கள் கூட்டில் பிறந்த சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் கூட்டுக்கு உதவாது. அதை நல்ல இடத்தில் மாற்ற வேண்டும்.

"யாருடைய பிள்ளை" என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சேவல் முட்டை இடுவதில்லை, அடைகிடப்பதில்லை, குஞ்சுக்காகப் பருந்தோடு சண்டைபிடிப்பதுமில்லை. ஆனால் இந்தக் குணங்களின் பாதியை அதுதான் தன் மகள்மாருக்குக் கொடுக்கிறது. அவற்றைச் சேவலின் உடம்பில் பார்க்க முடியாது. அதன் தாயிடமும் சகோதரிகளிடமும்தான் பார்க்கலாம். எனவே சேவல் தேடிப் போகிறவர் முதலில் தாய்க்கோழியைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அது எத்தனை முட்டை இடுகிறது என்பதைவிட, இரண்டு மாதம் முடிய எத்தனை குஞ்சு மிச்சம் என்று கேளுங்கள். 14 முட்டை இட்டு 2 குஞ்சு வளர்க்கும் கோழியைவிட 10 முட்டை இட்டு 6 குஞ்சு வளர்க்கும் கோழியின் மகன் மேல். எங்களுக்கு வாய்த்த மிகச் சிறந்த சேவலின் தாய் ஒரு மண்ணிறப் பேடு. நிறமும் இல்லை, உடம்பும் இல்லை. சந்தையில் எவரும் திரும்பிப் பாரார். ஆனால் காகம் கிட்ட வராது.

இதற்குக் குஞ்சுகளை அடையாளம் வைப்பது அவசியம். ஒவ்வொரு தாயின் குஞ்சுகளுக்கும் ஒவ்வொரு நிறத் துணிக்கீலத்தைக் காலில் தளர்வாகக் கட்டிவிட்டால் போதும். கால் பருக்கப் பருக்க அவிழ்த்துக் கட்ட மறந்தால் நூல் இறுகிக் கால் வீங்கிவிடும். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

உடம்பைப் பார்ப்பது அதன் பின்னர்தான். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். முந்திப் பொரித்தது பெரிதாக நிற்பதில் அதிசயமில்லை. இரண்டரை மாதமளவில் விரைவாக வளர்ந்த மூன்று நான்கை ஒதுக்கி வையுங்கள். மற்றவற்றை விற்கலாம், சமைக்கலாம். ஐந்து, ஆறு மாதத்தில் மீண்டும் பிடித்துப் பாருங்கள். நெஞ்செலும்பை விரலால் தடவினால் நேராக இருக்க வேண்டும். சொண்டு மேலும் கீழும் பொருந்த வேண்டும். விரல்கள் நேர், கண் பிரகாசம், கொண்டையும் தாடியும் சிவப்பு, மூக்கில் சளி இல்லை, வாலடி இறகில் எச்சம் ஒட்டியிருக்கவில்லை. நடக்கவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசக்கூடாது. மிகப் பாரமானதுதான் சிறந்தது என்றில்லை. இரவில் மரத்தில் ஏற முடியாத அளவுக்குப் பாரமான சேவலை மரநாய் கொண்டுபோகும்.

நிறத்தைப்பற்றி எங்கள் சனத்திடம் ஆயிரம் கதைகள் உண்டு. மஞ்சட் காலுக்கு ஒரு கதை, கறுப்புக் காலுக்கு ஒரு கதை. வீட்டுக்கோழியின் பிரதான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், மஞ்சட் கால் என்ற குணம் தென்னிந்தியக் காடுகளிலுள்ள சாம்பற் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என 2008 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சுவையான செய்திதான், ஆனால் சேவல் தெரிய உதவாது. வெள்ளைக் குஞ்சைப் பருந்து தூரத்திலேயே கண்டுகொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வதை மாத்திரம் நான் ஏற்றுக்கொள்கிறேன். மண்ணோடு மண்ணாகத் தெரியும் நிறம் வெட்டையில் மேயும் குஞ்சுக்குப் பாதுகாப்பு. அவலட்சணம் என்று பலர் முதலில் விற்றுத் தள்ளும் கழுத்தில் இறகில்லாத கோழிக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அந்த இனத்துக்கு உடம்பிலும் இறகு 20 முதல் 40 வீதம் குறைவு. அதனால் சூட்டை இலகுவில் வெளியேற்றும். தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில், மரநிழல் இல்லாத புதுக் குடியேற்றத்தில் கோழி வளர்ப்பவர் அதை ஏளனம் செய்யக்கூடாது.

குணம் வேறு விடயம். கூட்டில் பேடுகளை விரட்டி விரட்டி மிதிப்பதையும் ஆட்களைப் பாய்ந்து கொத்துவதையும் வீரியம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சண்டைச் சேவலின் மகனை வித்துக்கு வைத்துவிட்டு, பிறகு அயலாரோடு சண்டைபிடிக்கிறார்கள். கொட்டிலும் கொட்டிலும் ஒட்டி நிற்கிற இடத்தில், தவழும் பிள்ளையின் முகத்துக்குப் பாயும் சேவல் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அன்றைக்கே சட்டிக்குப் போகவேண்டியதுதான். அந்தக் குணமும் மகன்மாருக்கு இறங்கும். நல்ல சேவல் இரை கண்டால் தான் விழுங்காமல் கொக்கரித்துப் பேடுகளைக் கூப்பிடும். பருந்தின் நிழல் விழுந்தவுடன் ஒரு நீண்ட குரல் கொடுக்கும். மாலையில் பத்து நிமிடம் படலையடியில் குந்தியிருந்து பார்த்தால் இவை எல்லாம் தெரியும். சந்தையில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கும் சேவலிடம் இவற்றைப் பார்க்க முடியாது. சந்தையில் வித்துச் சேவல் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். நோய் மற்றக் காரணம்.

இராணிக்கெற் நோயைப்பற்றி எங்களிடம் ஒரு பிழையான நம்பிக்கை இருக்கிறது. ஊர் முழுக்கக் கோழி செத்தபோது தப்பிய சேவல் என்றால் அதை வித்துக்கு வைத்தால் குஞ்சுகளுக்கும் அந்த நோய் வராது என்கிறார்கள். தப்பிய கோழியின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்புச் சக்தி சேவல் வழியாகக் குஞ்சுக்குப் போகாது. தாய்வழியாக முட்டைக்குள் கொஞ்சம் போகும். அதுவும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். பிறவியிலேயே சற்று உறுதியான கோழிகள் இல்லாமலில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பு மருந்தை விடுவது முட்டாள்தனம். கண்ணில் விடும் சொட்டு மருந்தைப் பற்றி உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரு சிறு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து இருக்கும். திறந்தால் வைத்திருக்க முடியாது. ஆகவே ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து செய்வதே முறை.

இனி, வெளியிலிருந்து வரும் "நல்ல சாதி" சேவல்களின் கதை. 2009 இல் போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் நான் அறிந்த ஒரு கிராமத்தில் வீட்டுக்குப் பத்துக் கோழிக்குஞ்சுகளும் ஒரு மூட்டைத் தீனும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் நல்ல மனதை நான் குறைகூறவில்லை. குஞ்சுகள் எல்லாம் பண்ணை முட்டைக்கோழி இனம். தீன் மூட்டை முடிந்தது. வளவில் மேயத் தெரியாது, மரத்தில் ஏறத் தெரியாது. எஞ்சியவை முட்டை இட்டன, அடைகிடக்கவில்லை. பண்ணை இனங்களில் அடைகிடக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து நீக்கியிருக்கிறார்கள். அடைகிடக்கும் கோழி அந்த நாட்களில் முட்டை இடாது என்பதால் பண்ணைக்காரருக்கு அது நட்டம். எங்களுக்கோ அந்தக் கோழிதான் பொரிப்பு இயந்திரம், அதுதான் தாய். அந்தக் கிராமத்தில் இரண்டு வருடத்துக்குப் பின்னர் அக் கோழிகளில் ஒன்றும் இல்லை. பண்ணைச் சேவலை ஊர்ப்பேட்டோடு சேர்த்தவர்களுக்குப் பெரிய உடம்புள்ள பிள்ளைகள் கிடைத்தன. முதல் வருடம் எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்த மகள்மாரில் பல அடையை இடையில் விட்டு எழுந்தபோதுதான் விளங்கியது. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடிக்குள் விழுந்து கோழித்தீன் கிடைக்காமலும் விலை ஏறியும் போனபோது பெரிய பண்ணைகளே கோழிகளைக் குறைத்தன. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. அந்த மாதங்களிலும் கறையானையும் புல்விதையையும் அடுக்களைக் கழிவையும் தின்று ஊர்க்கோழி முட்டை இட்டது.

கையில் தீன் வாங்கக் காசும், பூட்டிய கூடும், அருகில் சந்தையும் உள்ளவர் பண்ணை இனம் வளர்க்கட்டும். முட்டை மட்டும் வேண்டியவருக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் கோழி முட்டை இடும். கருக்கட்டாத அந்த முட்டை வெயிற் காலத்தில் கூடுதல் நாள் பழுதாகாமலும் இருக்கும். ஆனால் எப்போது எழும்பிப் போகவேண்டி வரும் என்று தெரியாமல் வாழ்ந்த எங்களுக்கு, அல்லது இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இரவல் நிலத்தில் இருப்பவர்களுக்கு, கடகத்துக்குள் அடங்கி, போன இடத்தில் தானே தின்று தானே பெருகும் கோழிதான் வேண்டும்.

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். "உபதேசம் நல்லது, திறமான சேவலை வைத்திருக்கச் சொல்கிறாய். வீட்டில் அரிசி இல்லாதபோது சேவலைப் பார்த்துக்கொண்டா இருப்பது?" நியாயமான கேள்வி. எங்கள் அம்மா விற்றதும் அதனால்தான். அவரைப் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை. தனியொரு குடும்பத்தால் இது முடியாது என்பதுதான் என் கருத்து. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒழுங்கையில் பத்து வீடு, பத்துச் சேவல் என்றால் நீங்கள் எவ்வளவு கவனமாகத் தெரிந்தாலும் பயனில்லை. வேலி இல்லாத இடத்தில் பேட்டை மிதிப்பது நீங்கள் தெரிந்த சேவலாக இருக்கும் என்று யார் சொன்னது? ஆகவே ஐந்து வீடு சேர்ந்து ஒரு சேவல் என்று வைக்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு பேடு என்றால் பத்துப் பேடு. ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பேடு சரியான அளவு. இரண்டு பேட்டுக்கு ஒரு சேவல் வைத்தால் அவற்றின் முதுகில் இறகு மிஞ்சாது. மற்றச் சேவல்கள் எல்லாம் மிதிக்கத் தொடங்குமுன், நாலு மாதமளவில், விற்பனைக்கோ சமையலுக்கோ போகட்டும்.

சேவல் வைத்திருக்கும் வீட்டுக்கு என்ன இலாபம்? நாங்கள் செய்து பார்த்த ஒழுங்கு இது: சேவலைப் பாவிக்கும் மற்ற நான்கு வீட்டாரும் இரண்டு அடைக்கு ஒரு குஞ்சு வீதம், இரண்டு மாதம் வளர்த்துச் சேவல்கார வீட்டுக்குக் கொடுப்பது. வீட்டுக்கு இரண்டு பேடு, வருடத்துக்கு மூன்று அடை என்றால் நான்கு வீட்டிலுமாக 24 அடை, 12 குஞ்சு. சேவலை விற்றால் கிடைக்கும் காசைவிட இது அதிகம். அவசரம் வந்தால் அந்தக் குஞ்சுகளில் ஒன்றை விற்கலாம். சேவலில் கைவைக்கத் தேவையில்லை.

இரத்தக் கலப்புக்கும் இதிலேயே வழி இருக்கிறது. மூன்று ஒழுங்கையில் மூன்று கூட்டு இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை முதல் ஒழுங்கையில் தெரிந்த இளஞ்சேவல் இரண்டாவதற்கும், இரண்டாவதன் சேவல் மூன்றாவதற்கும், மூன்றாவதன் சேவல் முதலாவதற்கும் போகட்டும். எப்போதும் ஒரே திசையில். பேடுகள் பிறந்த இடத்திலேயே இருக்கும். சேவல்தான் வீடு மாறும். மூன்றைவிட ஐந்து கூட்டு இருந்தால் இன்னும் நல்லது. சில வருடங்களுக்கு ஒருமுறை தூரத்து ஊரிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தால் கவலையே இல்லை.

புதுச் சேவலை வந்த அன்றே கூட்டுக்குள் விடாதீர்கள். மூன்று வாரம் தனியாகக் கூடையின் கீழ் அல்லது வேறு கூட்டில் வைத்து, அதற்குக் கடைசியாகத் தீன் வைத்துக் கை கழுவுங்கள். நோய் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த மூன்று வாரத்துக்கு வேறொரு பயனும் உண்டு. சேவலின் விந்து பேட்டின் உடம்பில் இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். பழைய சேவலை அகற்றி மூன்று வாரம் போன பிறகு இடும் முட்டைதான் நிச்சயமாகப் புதுச் சேவலின் முட்டை. அதுவரை கிடைக்கும் முட்டைகளைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள். அயலில் கோழி சாகிறது என்று கேள்விப்பட்டால் சேவல் மாற்றுவதை அந்த மாதம் நிறுத்திவிடுங்கள்.

கடைசிச் சோதனை அடையில்தான். முட்டை வைத்து ஏழாம் நாள் இரவு, ரோச் லைற்றின் வாயில் கையைக் குவித்து முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு உண்டு. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் கருக்கட்டவில்லை. பத்தில் எட்டு, ஒன்பது நரம்பு ஓடினால் சேவலில் பிழையில்லை. பாதி வெளிச்சமாக நின்றால் முட்டை பழையதா, வெயிலில் இருந்ததா என்று முதலில் பாருங்கள். பத்து நாளுக்கு மேற்பட்ட முட்டையை வைத்துவிட்டுச் சேவலைக் குற்றஞ்சாட்டக்கூடாது. இரண்டு மூன்று பேட்டிலும் அப்படியே என்றால் சேவலை மாற்றுங்கள். நல்ல சேவலானாலும் இரண்டு வருடம் போதும். அதற்குமேல் வைத்தால் மகளோடு சேரும், கருவும் குறையும். அப்போது அது சட்டிக்குப் போகலாம். நன்றாக அவிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கைச் சேவல் வரும் தை மாதம் அடுத்த ஒழுங்கைக்குப் போகிறது. செவலை நிறம், வாலில் இரண்டு கறுப்பிறகு, தாய் ஆறு குஞ்சு வளர்த்தவள். சந்தைக்காரர் ஒருவர் மூன்று தடவை விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான்கு வீட்டில் மூன்று வீட்டார் குஞ்சுக் கணக்கை முடித்துவிட்டார்கள். நான்காவது வீட்டார் இரண்டு குஞ்சு தரவேண்டும். கேட்டால் கீரி கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். கொண்டுபோயிருக்கவும் கூடும், மாரி முடிந்ததும் பார்ப்போம் என்று விட்டிருக்கிறேன்.